மூடி போடாத கிளாஸ்

இந்த மேசைக்கு உங்கள் விசாரணை அலுவலகம் அதிகம் கொடுத்திருக்கிறது, மேடம். பார்வைக்குத் தேக்கு மாதிரிதான் இருக்கிறது. ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள், காகிதம் உரியும். என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் பாதிக்கு முடித்துக் கொடுத்திருப்பேன், நாற்காலிகளையும் சேர்த்து. குறையாகச் சொல்லவில்லை. காலையிலிருந்து எதிரே உட்கார்ந்திருக்கிறேன், கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கைக் கூப்பிடுவார்கள், அதற்குள் என் கையெழுத்து அங்கே போய்ச் சேர வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க நீங்கள் படுகிற பாடு சொல்லிவிட்டது. எங்கள் துணிக்கடையிலும் அப்படித்தான். எந்தப் புடவை வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பார்கள்.

அந்தப் பால் பண்ணை அம்மாவின் நாலு வயது மகள் யாரிடம் வளர்வது என்பது இன்றைக்கு முடிவாகிறது. பிரிந்து போன கணவரின் வக்கீல் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே ஒரு அறிக்கை இருக்கிறது. 'இவர் உடம்பில் மயக்க மருந்து எதுவும் இல்லை' என்று அரசாங்க ஆய்வுக்கூடம் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு, இந்தப் பெண் தானாகக் குடித்துவிட்டு விடியற்காலையில் மாடிப்படியில் நினைவில்லாமல் கிடந்தாள், இவளிடம் எப்படிக் குழந்தையைக் கொடுப்பது என்று கேட்கப் போகிறார். அந்த அறிக்கைக்கு மாதிரி எடுத்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான். அது தப்பு என்று சொல்லக்கூடிய ஒரே ஆளும் நான்தான். இப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் அப்பாவாக இருந்தால் ஒரு தேநீர் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. நான் அவ்வளவு கெட்டவன் இல்லை.

நான் வளர்ந்த விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் வீட்டில் எவரும் எதையும் சொன்ன அளவுக்கு ஏற்றுக்கொண்டதில்லை. எனக்குக் காய்ச்சல் என்று டாக்டர் மூன்று வேளை மாத்திரை எழுதினால் அப்பா, "ரெண்டு வேளையா முடிச்சுக் குடுங்க சார், சின்ன உடம்புதானே" என்பார். டாக்டரும் யோசிப்பார். கல்யாணமான பிறகு என் மனைவி சண்டையில் பத்துக் குற்றம் சொன்னால் நான் நான்கை ஒத்துக்கொண்டு ஆறைத் தள்ளிவிடுவேன். "உங்ககிட்ட நிம்மதியா கோவிச்சுக்கக்கூட முடியல. அதுலயும் தள்ளுபடி கேக்கறீங்க" என்பாள். உண்மைதான். என் வாழ்நாளில் நான் எதையும் முழுசாக மறுத்ததில்லை, முழுசாக ஒப்புக்கொண்டதும் இல்லை. குறைத்திருக்கிறேன். இந்த விஷயத்திலும் நான் செய்தது அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பார்களில் பெண்கள் குடிக்கிற கிளாஸில் மருந்து கலக்கிறார்கள் என்று பத்திரிகைகள் நாள் தவறாமல் எழுதின. அரசாங்கம் விழித்துக்கொண்டது. கமிட்டி போட்டார்கள். துணிக்கடையோடு ஒரு பாரும் நடத்துகிறவன், பார் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். அங்கே நான் செய்த வேலை உங்கள் கோப்பில் இருக்கும், ஆனால் எதை எங்கிருந்து எங்கே இறக்கினேன் என்பது இருக்காது.

ஒவ்வொரு பாரிலும் பயிற்சி பெற்ற பாதுகாப்புப் பொறுப்பாளர் மூன்று பேர் வேண்டும் என்றார்கள். ஒன்றுக்கு முடித்தேன். எல்லா கிளாஸுக்கும் மூடி போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். 'இருப்பு உள்ளவரை' என்று இரண்டு வார்த்தை சேர்த்தேன். சோதனைப் பெட்டியைக் காவல் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் வைக்கலாம் என்றார்கள். பெண்கள் போலீஸுக்குப் பயப்படுவார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வெட்கப்படுவார்கள், சம்பவம் நடந்த பாரிலேயே வைத்தால் நேரே வந்து சிறுநீர் மாதிரி கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். கமிட்டியில் இருந்த டாக்டர் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளில் பெண்கள் பக்கமிருந்து பேசிய ஒரே ஆண் நான்தான் என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தச் சமயம் பார்த்து, மாதிரிக்கு சீல் வைக்க இரண்டு பேர் எதற்கு, காலை நேரத்தில் சின்ன பார்களில் ஆள் ஏது என்று கேட்டேன். அதுவும் ஒன்றுக்கு முடிந்தது.

ஒரே ஒரு விதியை மட்டும் என்னால் அசைக்க முடியவில்லை. ஒரு வருடத்தில் இரண்டு சம்பவம் பதிவானால் உரிமம் போய்விடும், அதை பார் உரிமையாளரே முன்வந்து சொன்னாலும் கணக்கில் சேரும் என்றார்கள். அது நியாயமில்லை, சொல்கிறவனுக்குத் தண்டனையா என்று கேட்டேன். நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அந்த ஒன்றை இறக்கியிருந்தால் நாம் இரண்டு பேரும் இன்றைக்கு இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பாரின் பொறுப்பாளர் நான்தான். இரண்டு நாள் பயிற்சி. வட்டமாக ஒரு பச்சை பேட்ஜ். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமில்லை. என் மச்சினியின் கல்யாண வரவேற்புக்கும் அதைக் குத்திக்கொண்டு போனேன். "இங்க யாரு மயங்கி விழப் போறா, கழட்டி வைங்க" என்று மனைவி காதோரமாகப் பல்லைக் கடித்தாள். நான் கழற்றவில்லை. யார் எப்போது விழுவார்கள் என்று யாருக்குத் தெரியும்.

இனி பல் டாக்டர். அவர் பெயர் உங்களிடம் இருக்கிறது, நான் பல் டாக்டர் என்றே சொல்கிறேன், அப்படித்தான் பழகிவிட்டது. ஊரில் உள்ள பல் டாக்டர்கள் சங்கம் மாதம் தவறாமல் எங்கள் மாடி ஹாலைத்தான் எடுக்கும். அதை ஏற்பாடு செய்பவர் இவர். மெல்லப் பேசுவார், கிளாஸை வைக்கும்போதுகூடச் சத்தம் வராது. ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணி இருக்கும். நான் என் அறையில் கேமரா பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெண் கை கழுவ எழுந்து போனாள். இவர் சட்டைப்பையிலிருந்து சொட்டு மருந்து பாட்டில் மாதிரி ஒன்றை எடுத்தார். அந்தப் பெண்ணின் கிளாஸுக்கு மேலே கொண்டுபோனார். சரியாகச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன், ஊற்றவில்லை. கை அங்கேயே நின்றது. பிறகு பாட்டிலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"டாக்டர், பையில என்ன?"

"கண்ணுக்கு விடற மருந்து."

"கண்ணு மூஞ்சியில இருக்கு. கை என்னத்துக்கு அடுத்தவ கிளாஸ் மேல போச்சு?"

அவர் முகம் வெள்ளைத் துணியாகிவிட்டது. "சார், வெளிய சொல்லிராதீங்க சார். சத்தியமா நான் இதுவரைக்கும்..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. இந்த 'இதுவரைக்கும்' கதையைக் கடையில் நான் கேட்காத நாளில்லை.

"அதெல்லாம் வேற யார்கிட்டயாவது சொல்லுங்க. எத்தனை? மாசம் ஒண்ணா?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். என் கை தொலைபேசி மேல் இருந்தது, அதையும் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

மாதம் ஒன்று என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு. என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் எங்கள் பாரில் ஏற்கெனவே ஒரு சம்பவம் பதிவாகியிருந்தது, அது யாரோ வெளியூர்க்காரன் செய்தது. இதையும் சொன்னால் இரண்டு, உரிமம் போகும். சரி, சொல்லாமல் இவரை மட்டும் துரத்திவிடுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தெருவில் இருக்கிற பாருக்குப் போவார். அங்கே பேட்ஜ் குத்தியிருப்பவர் நின்றுகொண்டே தூங்குகிறவர். அங்கே போனால் இவரை யார் குறைப்பது? பன்னிரண்டு பன்னிரண்டாகவே நடக்கும். பொறுப்புள்ள ஒருவன் கண்முன்னால், ஒரு அளவுக்குள் இருப்பது மேல் இல்லையா? நான் அப்படித்தான் யோசித்தேன். இப்போதும் அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு" என்றேன்.

அவர் பேசவில்லை. பேரத்தில் பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான், பத்தவில்லை என்று அர்த்தம். மூன்று என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு. மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் வந்தது. "இதுக்கு மேல என்னால முடியாது டாக்டர், அஞ்சு, கடைசி" என்றேன். "சரி" என்றார். ஒரே வார்த்தை. கால் மணி நேரத்தில் பன்னிரண்டை ஐந்துக்கு இறக்கியிருந்தேன். ஒரு அரசாங்கம், ஒரு கமிட்டி, எட்டு மாதக் கூட்டம், அத்தனை பேரும் சேர்ந்து ஒன்றைக்கூடக் குறைத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நிபந்தனைகளும் போட்டேன். மருந்து பாதி அளவுதான். கூட்டம் குறைவான செவ்வாய்க்கிழமைகளில்தான். காலை ஆறு மணிக்குள் அவரவர் வீட்டு வாசலில் பத்திரமாகக் கொண்டுபோய் விட வேண்டும். இடையில் நடப்பது என் கட்டடத்துக்கு வெளியே நடப்பது, அதைப் பற்றி நான் கேட்டதில்லை. நாலாவதாக ஒரு நிபந்தனை உண்டு, அதற்கு வருகிறேன்.

இதில் ஒன்று உங்களுக்கு வினோதமாகத் தோன்றலாம். ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதமாகியும் அவர் எதுவும் செய்யவில்லை. பாருக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எனக்குக் கவலையாகிவிட்டது. வேறு எங்கேயோ அளவில்லாமல் நடக்கிறது என்றுதானே அர்த்தம்? இல்லையென்றால் வருடக் கடைசியில் ஐந்தையும் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் முடித்துவிடுவார். நானே போன் பண்ணினேன். "என்ன டாக்டர், பேசினது பேசினதுதானே. செவ்வாக்கிழமை வாங்க" என்றேன். வந்தார்.

முதல் இரண்டு பெண்கள் திரும்பி வந்து எதுவும் கேட்கவில்லை. பெரும்பாலானவர்கள் கேட்கமாட்டார்கள் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள், பயிற்சி நல்ல பயிற்சி. மூன்றாவது பெண்ணும் நாலாவது பெண்ணும் மறுநாள் காலையில் வந்தார்கள். கையேட்டில் இருக்கிறபடியே எல்லாம் செய்தேன். உட்கார வைத்தேன், வெந்நீர் கொடுத்தேன், தோளில் போர்வை போர்த்தினேன். முதல் பாடமே 'சொல்வதை நம்புங்கள்' என்பதுதான். நான் நம்பினேன். எனக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. மாதிரி வாங்கி, அவர்கள் போன பிறகு அதைக் கொட்டிவிட்டு, என்னுடையதை வைத்து சீல் போட்டு அனுப்பினேன். மூன்றாவது பெண் ஒரு நன்றிக் கடிதம்கூட அனுப்பியிருந்தாள். 'அறிக்கையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது, ஆனாலும் அன்றைக்கு என்னை நம்பிய ஒரே ஆள் நீங்கள்தான்' என்று. என் அறைப் பலகையில் குத்தி வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி. அது எனக்குத் தோன்றவே இல்லை. அறிக்கையில் 'மயக்க மருந்து இல்லை' என்று எழுதி, கீழே 'சர்க்கரை மிக அதிகம், மருத்துவரைப் பார்க்கவும்' என்றும் எழுதியிருக்கிறார்கள். நாலாவது பெண் அதைப் படித்துவிட்டு மூன்று மாதம் இனிப்பே தொடாமல், காலையும் மாலையும் நடையாய் நடந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றுமே இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. வீணாக ஒருத்தரைப் பயமுறுத்தக் கூடாது.

அந்த வருடம் எங்கள் பாருக்குப் 'பாதுகாப்பான இடம்' என்று அரசாங்கப் பலகை கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு சம்பவம்கூடப் பதிவாகவில்லை அல்லவா?

ஐந்தாவதுதான் பால் பண்ணை அம்மா.

நாலாவது நிபந்தனை இங்கேதான் வருகிறது. யார் என்பதை நான் முடிவு செய்வேன். டாக்டரிடம் விட்டால் கண்ணுக்கு லட்சணமாக இருப்பவளைப் பார்ப்பார். அவளுக்குப் பின்னால் அண்ணன் தம்பி நாலு பேர் இருப்பார்கள், பத்திரிகையில் வேலை பார்க்கும் சிநேகிதி இருப்பாள், விஷயம் பெரிதாகும், எல்லோருக்கும் மன வேதனை. வாடிக்கையாளரை ஒரு பார்வையில் எடைபோடுவது எனக்குப் பிறவியிலேயே வந்தது. கடையில் யார் வாங்குவார், யார் விசிறிக் காற்றுக்கு வந்தவர் என்று படியேறும்போதே சொல்லிவிடுவேன். யார் தாங்கிக்கொள்வார்கள், யார் வெளியே சொல்லாமல் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு போவார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதுவும் ஒரு பாதுகாப்புதான்.

டாக்டருக்கு எப்படித் தெரிவிப்பது? வாயால் சொன்னால் கேட்பார்கள், சைகை செய்தால் கேமராவில் விழும். அரசாங்கம் கொடுத்த மூடிகள் இருந்தனவே. எல்லா கிளாஸும் மூடியோடு போகும், ஒன்று மட்டும் மூடி இல்லாமல் போகும். அந்தத் தட்டை நானே கொண்டுபோய் வைப்பேன்.

அன்றைக்கு அந்த அம்மா ஆறரை மணிக்கே வந்துவிட்டார். கூட வேலை பார்ப்பவர் ஒருவருக்குப் பிரிவு விருந்து, மற்றவர்கள் வர நேரமாகும் என்று தனியாக ஓரத்து மேசையில் உட்கார்ந்தார். ஆரஞ்சு ஜூஸ் கேட்டார். வரும் வழியில் ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டார். நாற்காலியைப் பார்த்து "சாரி" என்றார். யாரும் உட்காராத நாற்காலி. எனக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிறவர் எவர்மேலும் புகார் கொடுக்கமாட்டார் என்று முடிவு செய்தேன்.

கவுன்டரில் நுரை இருந்தார். எங்களிடம் பத்து வருடமாக ஊற்றிக் கொடுப்பவர், பீரைவிட நுரையை அதிகம் ஊற்றுவதால் அந்தப் பெயர். ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி.

"மொதலாளி, அந்த அக்கா ஜூஸுக்கு மூடி விட்டுப்போச்சு" என்றார்.

"தீந்துபோச்சு, விடு."

"இந்தாங்க, டப்பா நெறைய இருக்கே."

"நுரை, அவங்க உடனே குடிச்சிருவாங்க. ஜூஸுக்கு எதுக்குத் தொப்பி?"

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க" என்று கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஐந்து தடவையும் அவர் மூடியை ஞாபகப்படுத்தினார் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். சரிதான், ஐந்து தடவையும் சொன்னார். நல்ல வேலைக்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மா வந்தார். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவைத்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தோம். ஈரத்தை மிதிக்காமல் வாசலிலேயே நின்றார். ஒரு கால் செருப்பு இல்லை.

"அண்ணே, பச்சை பேட்ஜ் போட்டவரைப் பாக்கணும்."

"நான்தாம்மா. உள்ள வாங்க, பரவால்ல, மிதிங்க."

"எனக்கு நேத்து என்னமோ கலந்து குடுத்திருக்காங்கண்ணே. நான் ஜூஸ்தான் குடிச்சேன். விடிஞ்சு பாத்தா எங்க மாடிப்படியில கெடக்கறேன். மேல் வீட்டம்மாதான் எழுப்பினாங்க." செருப்பில்லாத காலை மற்ற காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எம் பொண்ணு பாத்துட்டா."

"நான் நம்பறேம்மா" என்றேன்.

அவர் அழுதார். பிறகு மாதிரி கொடுத்தார். கொடுத்துவிட்டு ரசீது கேட்டார். பெட்டியின் வரிசை எண்ணைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். ரசீது கேட்கிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும், அதனால் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

அந்த அம்மா பால் பண்ணையில் என்ன வேலை பார்க்கிறார் என்று நான் கேட்டிருக்கவில்லை. தரம் பார்க்கிற வேலை. லாரியில் வரும் பால் ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில் எடுப்பார்களாம். ஒன்று சோதனைக்குப் போகும், ஒன்று தேதி, நேரம் எழுதி, ஒட்டி, குளிர்பெட்டியில் இருக்கும். நாளைக்கு யாராவது தகராறு செய்தால் எடுத்துக் காட்ட. பதினோரு வருடமாக இதையே செய்கிற கை. தலை சுற்றுகிறது, நிற்க முடியவில்லை, என்ன நடந்தது என்று தெரியவில்லை, அப்படியும் அந்தக் கை என்ன செய்திருக்கிறது என்றால், காலை ஆறரைக்கே ஒரு பாட்டிலைக் கழுவித் தன்னுடையதை எடுத்து, நேரம் எழுதி, ஒட்டி, மேல் வீட்டம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறது. அதன் பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார். என்னிடம் கொடுத்தது இரண்டாவது.

அதை நீங்கள் சோதித்துவிட்டீர்கள். ஒரே பெண், ஒரே காலை, ஒரு பாட்டிலில் மருந்து இருக்கிறது, சர்க்கரை இல்லை. இன்னொன்றில் சர்க்கரை இருக்கிறது, மருந்து இல்லை. என்னிடமிருந்து போன மற்ற இரண்டிலும் அதே சர்க்கரை. பிறகு நீங்கள் நேற்று எனக்கு ஒரு காலிக் கோப்பையைக் கொடுத்து, "நீங்களும் ஒண்ணு குடுங்க" என்றீர்கள். அழகாகச் செய்தீர்கள் மேடம். எங்கள் கடையில் இருந்திருந்தால் கல்லாவிலேயே உட்கார வைத்திருப்போம்.

ஆனால் கணவரின் வக்கீல் விடமாட்டார். வீட்டில் கழுவிய பாட்டிலுக்கு என்ன மதிப்பு, அரசாங்க சீல் வைத்ததுதான் செல்லும் என்பார். சட்டப்படி அவர் சொல்வது சரி. பச்சை பேட்ஜ் போட்டவன் வந்து, நான் மாற்றினேன் என்று சொன்னாலொழிய அந்த அறிக்கை நிற்கும். அந்த அம்மாவுக்கும் அது தெரியும் போல. ஒரு மாதம் கழித்து மறுபடி என்னைத் தேடி வந்தார். "அண்ணே, கோர்ட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்வீங்களா? அன்னைக்கு நான் எப்படி வந்து நின்னேன்னு நீங்கதான பாத்தீங்க. குடிச்சவ மாதிரியா இருந்தேன்?" என்று கேட்டார். "கட்டாயம் வரேம்மா" என்றேன். வந்திருப்பேன். செருப்பில்லாமல் வந்ததை விட்டுவிட்டு மற்றதை நல்லபடியாகச் சொல்லியிருப்பேன்.

இதற்கு நடுவில் உங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன், அதையும் எழுதியிருப்பீர்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன், குழந்தை அம்மாவிடம் போகட்டும், மற்ற நான்கும் ஆறிப்போன விஷயம், அவர்களே மறந்திருப்பார்கள், எதற்குக் கிளறுவது என்றேன். நீங்கள் பேசவில்லை. சரி, மூன்று என்றேன். அதற்கும் பேசவில்லை. நாலு என்று சொல்ல வாயெடுத்தபோது நீங்கள் டாக்டரின் வாக்குமூலத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தீர்கள்.

படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

'அதுவரை நான் யாருக்கும் எதுவும் செய்ததில்லை. பாட்டிலை அன்று மதியம்தான் வாங்கினேன். கிளாஸ் பக்கம் கொண்டுபோனதும் பயந்துபோய்ப் பையில் போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கொட்டிவிடலாம் என்று எழுந்தபோதுதான் அவர் கூப்பிட்டார். மாதம் ஒன்றா என்று அவர்தான் கேட்டார். இல்லை என்றால் போலீஸைக் கூப்பிடுவார் என்று தலையாட்டினேன். அவரே இரண்டு என்றார், மூன்று என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவராகவே ஐந்து வரைக்கும் போனார். பிறகு போன் செய்து வரச் சொன்னார். மூடியை எடுத்தவர் அவர். செய்தது நான்.'

பாட்டில் வாங்கிய ரசீதையும் காட்டினீர்கள். தேதி சரியாகத்தான் இருக்கிறது.

மேடம், நான் முப்பது வருடம் விற்றவன். வாங்கிக்கொண்டு போன துணியைத் திருப்பிக்கொண்டு வருகிறவர் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். எனக்கு வேண்டவே இல்லை, கடைக்காரன்தான் தலையில் கட்டினான் என்பார்கள். கட்டினாலும் கையை நீட்டி வாங்கியது யார்? அவர் தலையாட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். மாதம் ஒன்று. எந்த மனிதனாவது ஒன்றுமே செய்யாமல் பன்னிரண்டுக்குத் தலையாட்டுவானா? பூஜ்யத்தில் நின்ற ஒருவரை நான் ஐந்துக்கு ஏற்றினேன் என்கிறீர்கள். எனக்கு ஏற்றத் தெரியாது. எனக்குக் குறைக்கத்தான் தெரியும்.

அந்தப் பேனாவைக் கொடுங்கள். ஐந்துக்கும் போடுகிறேன், எதையும் அடிக்கவில்லை. மூடியை விட்டது நான், ஆட்களைத் தேர்ந்தெடுத்தது நான், மூன்று மாதிரியையும் மாற்றியது நான். பால் பண்ணை அம்மாவின் அறிக்கை என்னுடைய சிறுநீருக்குக் கொடுத்தது, அவருடையதற்கு இல்லை. இந்தப் பக்கத்தைத் தனியாகக் கிழித்து இப்போதே ஆள் அனுப்பினீர்கள் என்றால் மூன்று மணிக்குள் நீதிமன்றத்துக்குப் போய்விடும். குழந்தை அம்மாவிடமே இருக்கட்டும்.

கீழே ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கும் தனியாகக் கையெழுத்துப் போடுகிறேன். பன்னிரண்டில் ஐந்து போக மீதி ஏழு பெண்கள். அவர்கள் யார், என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, என்னை அவர்களுக்குத் தெரியப்போவதும் இல்லை. இன்றைக்கும் எங்கேயோ ஒரு மேசையில் ஒரு ஆபத்தும் இல்லாமல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றியவன் நான்.